யாருக்கு எந்த வழி தெரியும்?

புனேயின் ஹிஞ்சவடி மென்பொருள் பூங்காவில் வேலை பார்க்கும் இருவர் வாகடில் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே நிறுவனம், வீட்டில் ஒரே வைஃபை. காலையில் மடிக்கணினியைத் திறந்து வி.பி.என்.னை இணைக்கிறார்கள். சென்னை அலுவலகத்தின் கோப்புகள் இருவருக்கும் திறக்கின்றன. நிறுவனத்தின் வாடிக்கையாளரான ஒரு வங்கியின் சோதனைக் கணினி மட்டும் ஒருவருக்குத் திறக்கிறது, மற்றவருக்குத் திறக்கவில்லை.

கடவுச்சொல் தவறு என்றால் மறுப்பு உடனே வந்துவிடும். இங்கே மறுப்பும் வருவதில்லை. திரை சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி ஓய்ந்துபோகிறது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்தத் திரையைப் பார்த்திருப்பார்கள். தமக்கு அனுமதி இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பல நேரங்களில் காரணம் அதைவிட எளிமையானது. அந்த வங்கிக் கணினி எந்தத் திசையில் இருக்கிறது என்பதை இவருடைய வலைக்கு யாரும் சொல்லவில்லை.

தனியார் வலைகளின் தனிமை பூட்டுகளால் மட்டும் அமைவதில்லை. எந்த வழியை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்ற முடிவுகளால்தான் பெரிதும் அமைகிறது. அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதே இந்த அத்தியாயம்.

கம்பி வேறு, வழி வேறு

வலையின் சந்திப்புகளில் நிற்கும் கருவி ரவுட்டர். தன்னிடம் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் சேருமிட முகவரியை மட்டும் பார்க்கிறது. தன்னிடமுள்ள வழிப்பட்டியலில் அந்த முகவரிக்குப் பொருந்தும் வரியைத் தேடி, அந்த வரி காட்டும் பக்கம் தள்ளிவிடுகிறது. வரி இல்லையென்றால் பொட்டலம் அங்கேயே கைவிடப்படுகிறது. கம்பி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் பயனில்லை.

பட்டியலின் வரிகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அண்டை ரவுட்டர்களிடமிருந்து. ‘இந்த முகவரிகளுக்குப் போக வேண்டுமா, என்னிடம் கொடு’ என்று ஒன்று மற்றொன்றுக்கு அறிவிக்கிறது. இதற்கான பேச்சுமுறைகளில் பெரியது பி.ஜி.பி. 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த இணையப் பொறியாளர்களின் கூட்டத்தின்போது, சிஸ்கோவின் கர்க் லாஹீடும் ஐ.பி.எம்.மின் யாக்கோவ் ரெக்டரும் உணவு மேசையில் கிடந்த கைதுடைக்கும் காகிதங்களில் இதை வரைந்தார்கள். இன்றும் உலக இணையத்தின் வலைகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது இதன் வழியாகத்தான்.

ஆகவே ஒரு வலைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மண்ணுக்கடியில் கம்பி போகும் வடிவம் ஒன்று. அறிவிப்புகள் உண்டாக்கும் வடிவம் மற்றொன்று. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கம்பிகள்

1988இல் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு சி-டாக் என்ற கணினி ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மீத்திறன் கணினி கிடைப்பதற்குத் தடைகள் இருந்த காலம் அது. விஜய் பட்கரின் தலைமையில் 1991இல் பரம் 8000 என்ற மீத்திறன் கணினி உருவானது. கணினி கிடைத்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: ஒரு நகரில் இருக்கும் கணினியை மற்ற நகரங்களின் ஆய்வாளர்கள் எப்படிப் பயன்படுத்துவது? 2000களில் சி-டாக் முன்னெடுத்த கருடா திட்டம் இதற்கு விடை தேடியது. அதன் முதல் கட்டத்தில் 17 நகரங்களிலிருந்த 45 நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன.

நாற்பத்தைந்து நிறுவனங்களையும் ஒவ்வொன்றோடும் நேரடிக் கம்பியால் இணைப்பதாக இருந்தால் 990 கம்பிகள் வேண்டும். அப்படி யாரும் செய்வதில்லை. கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான எர்னெட் வலையின் முதுகெலும்பின் மீது, மற்றவர்களுக்குப் புலப்படாத ஒரு தனி வலையாகக் கருடா ஓடியது. இப்படிப் பொது முதுகெலும்பில் ஓடும் தனி வலைக்கு மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்று பெயர். வி.பி.என். என்பதன் விரிவு அதுதான். இனி சுருக்கமாகத் தனிவலை என்கிறேன்.

வாகடில் மடிக்கணினியில் இணைத்த வி.பி.என். இதற்கு உறவுதான். அது ஓர் ஆளை அலுவலகத்தோடு கோக்கிறது; கருடா போன்றவை நிறுவனங்களையே கோக்கின்றன. 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் தந்தது. 1,500 நிறுவனங்களை ஒரே முதுகெலும்பில் இணைப்பது இலக்கு. முதுகெலும்பு ஒன்றுதான், அதன்மேல் அவரவர்க்கு வேண்டிய தனிவலைகள்.

எல்லோருக்கும் ஒரே முகவரி

இங்கே ஒரு சிக்கல். 1996இல் வகுத்த விதிப்படி, 10 என்ற எண்ணில் தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகளை எந்த நிறுவனமும் யாரையும் கேட்காமல் உள்ளுக்குள் பயன்படுத்தலாம். எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். புனேயின் ஓர் ஆய்வகத்திலும் சென்னையின் ஒரு வங்கியிலும் 10.1.1.5 என்ற கணினி இருக்கக்கூடும். இரண்டின் பொட்டலங்களும் ஒரே முதுகெலும்பில் போகும்போது ரவுட்டர் எதை எங்கே அனுப்பும்?

இதற்கான விடையை எரிக் ரோசனும் யாக்கோவ் ரெக்டரும் 1999இல் எழுதினார்கள். 2006இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. கைதுடைக்கும் காகிதத்தில் பி.ஜி.பி.யை வரைந்த அதே ரெக்டர்தான். முதல் யோசனை, முதுகெலும்பின் விளிம்பில் நிற்கும் ரவுட்டர் ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளாமல் தனிவலைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்வது. ஆய்வகத்தின் கம்பியில் வந்த பொட்டலம் ஆய்வகத்தின் பட்டியலில் மட்டுமே தேடப்படும். வங்கியின் பட்டியல் பக்கத்திலேயே இருந்தாலும் அதன் கண்ணில் படாது.

இரண்டாவது யோசனை, விளிம்பு ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும்போது ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் ஓர் எண்ணைச் சேர்ப்பது. இதைப் பிரிப்பெண் என்போம். புனேயிலும் எம்.ஜி. ரோடு உண்டு, பெங்களூரிலும் உண்டு. 411001 என்றும் 560001 என்றும் பின்கோடு போட்டதும் தபால்காரருக்குக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பிரிப்பெண்ணின் வேலையும் அதுதான். 32 பிட் முகவரிக்கு முன்னால் 64 பிட் பிரிப்பெண் சேர்ந்து 96 பிட் ஆகிறது. இரண்டு 10.1.1.5களும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே முதுகெலும்பில் அறிவிக்கப்படுகின்றன.

பொட்டலம் பயணிக்கும்போது விளிம்பு ரவுட்டர் அதன்மேல் இரண்டு சிறு எண்களை ஒட்டுகிறது. மேல் எண், எதிர் விளிம்பு எது என்று சொல்கிறது. உள் எண், அங்கே போனபின் எந்தத் தனிவலைக்கு உரியது என்று சொல்கிறது. நடுவில் நிற்கும் ரவுட்டர்கள் மேல் எண்ணை மட்டும் பார்த்துக் கடத்திவிடுகின்றன. ஆயிரம் தனிவலைகள் தங்கள்மீது ஓடுவது அவற்றுக்குத் தெரியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். வாடிக்கையாளர் கூடக்கூட நடுப்பகுதி தெரிந்துவைத்திருக்க வேண்டியது கூடுவதில்லை. விளிம்பு மட்டுமே கற்றுக்கொள்கிறது.

குறி ஒட்டிய அறிவிப்புகள்

பின்கோடு முகவரியைப் பிரித்துக் காட்டும். கடிதத்தை யார் படிக்கலாம் என்று சொல்லாது. பிரிப்பெண்ணும் அப்படியே, ஒரு வழியை எந்தப் பட்டியல் ஏற்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை. துறையில் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அந்த முடிவுக்குத் தனியாக ஒரு குறி இருக்கிறது. ஒவ்வொரு அறிவிப்போடும் ஒன்றோ பலவோ குறிகள் ஒட்டப்படும். ஒவ்வொரு பட்டியலும் தான் ஏற்கும் குறிகள் எவை என்று முன்பே சொல்லி வைத்திருக்கும். குறி பொருந்தினால் வழி பட்டியலுக்குள் வரும், பொருந்தாவிட்டால் வராது. இதை வழிக்குறி என்போம்.

இவ்வளவு எளிய கருவியை வைத்துக்கொண்டு எந்த வடிவத்தையும் கட்டலாம். எல்லா இடங்களும் ‘வான்’ என்ற குறியோடு அறிவித்து, எல்லா இடங்களும் ‘வான்’ குறியை ஏற்றால் ஒவ்வோரிடமும் மற்ற எல்லா இடங்களையும் நேரே அடையும். இது முழுப்பின்னல். மாறாக, கிளைகள் ‘கிளை’ என்ற குறியோடு அறிவிக்க மையம் மட்டும் அதை ஏற்கிறது. மையம் ‘மையம்’ என்ற குறியோடு அறிவிக்கக் கிளைகள் அதை மட்டும் ஏற்கின்றன என்று வைப்போம். இப்போது ஒரு கிளைக்கு இன்னொரு கிளை இருப்பதே நேரடியாகத் தெரியாது. எல்லாம் மையம் வழியேதான் போக வேண்டும். இது மைய வடிவம். போக்குவரத்து முழுவதையும் ஓரிடத்தில் நின்று கண்காணிக்க விரும்பும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் இதை விரும்புகின்றன. இரண்டு வடிவங்களுக்கும் மண்ணுக்கடியில் கம்பி ஒன்றேதான்.

வாகட் வீட்டின் மர்மமும் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. வங்கியின் வேலையில் இருப்பவர் வி.பி.என்.னில் நுழையும்போது வங்கியின் வழி அடங்கிய பட்டியலோடு கட்டப்படுகிறார். மற்றவர் கட்டப்படும் பட்டியலில் அந்த வரி இல்லை. ஒரே வைஃபையில் இருந்தாலும் வெவ்வேறு வலைகளில் இருக்கிறார்கள்.

கோடத்திலிருந்து ஒரு கோரிக்கை

வடிவம் மாறுபட்ட இரண்டு தனிவலைகள் தங்கள் வழிகளில் சிலவற்றை மட்டும் பகிர வேண்டும் என்றால்? பாடம் இங்கேதான் கனக்கிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் போவோம். இடங்கள் உண்மையானவை, முகவரிகளும் குறிகளும் அமைப்பும் விளக்கத்துக்காக நான் இட்டவை.

புனேயிலிருந்து நாசிக் சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் போனால் நாராயண்காவ். அதன் அருகே கோடத் கிராமத்தில் இருக்கிறது ஜி.எம்.ஆர்.டி. என்ற வானொலித் தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 வானொலித் தட்டுகள். பதினான்கு நடுவில் நெருங்கி நிற்க, மீதி பதினாறும் மூன்று கைகளாக விரிந்திருக்கின்றன. ஒவ்வொரு தட்டின் சமிக்ஞையும் ஒளியிழை வழியே நடுக் கட்டடத்துக்கு வந்துதான் மற்றவற்றோடு சேர்கிறது. இதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன் 1970இல் உதகமண்டலத்தில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியை நிறுவியவர். இரண்டையும் நடத்தும் தேசிய வானொலி வானியற்பியல் மையம் இருப்பது புனேயின் கணேஷ்கிண்டில், பல்கலைக்கழக வளாகத்தில்.

கோடத், கணேஷ்கிண்ட், உதகை மூன்றும் முழுப்பின்னல் வடிவில் ஒரு தனிவலை என்று கொள்வோம். முகவரிகள் முறையே 10.1, 10.2, 10.3 என்று தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் குறி ‘வான்’. இன்னொரு தனிவலை மீத்திறன் கணினிக்கு உரியது, மைய வடிவம். மையம் புனேயில், அதன் கணினி 10.20.5 என்று தொடங்கும் முகவரிகளில். கிளைகள் சென்னையிலும் பெங்களூரிலும். இப்போது வானியலாளர்களுக்கு அந்த மீத்திறன் கணினி வேண்டும்.

முதலில் தோன்றும் வழி: வானியல் பட்டியல்கள் ‘வான்’ குறியோடு ‘மையம்’ குறியையும் ஏற்கட்டும். ஒரே வரி மாற்றம். இங்கேதான் விபத்து காத்திருக்கிறது. மைய வடிவத்தில் மையம் கிளைகளுக்குச் சொல்வது பெரும்பாலும் தன் கணினியின் முகவரியை மட்டுமல்ல. ‘எங்கே போவதாக இருந்தாலும் என்னிடம் கொடு’ என்ற பொதுவழியையும் சேர்த்தே சொல்கிறது. சென்னையும் பெங்களூரும் ஒன்றையொன்று அடைய அது தேவை. ஆனால் உதகை அந்தக் குறியை ஏற்றதும் அதே பொதுவழி உதகையின் பட்டியலுக்குள்ளும் நுழையும். ஏற்கெனவே அங்கிருந்த பொதுவழியோடு போட்டியிடும். வென்றுவிட்டால், மலைமேல் ஒரு மாணவர் திறக்கும் செய்தித்தாள் பக்கம்கூட மீத்திறன் கணினி மையத்தைச் சுற்றிப் போகத் தொடங்கும். போதாததற்கு, சென்னைக் கிளையின் கணினிகளும் உதகைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். யாரும் கேட்காத உறவு அது.

ஆகவே, ஏற்கெனவே வேறு வேலைக்காக இருக்கும் குறியைப் பகிர்வுக்கு எடுக்கக் கூடாது. பகிர்வுக்கென்றே புதுக் குறி வேண்டும். மையம் 10.20.5 என்ற வழிக்கு மட்டும் ‘மையம்’ குறியோடு ‘கணிப்பு’ என்ற இரண்டாவது குறியையும் ஒட்டுகிறது. பொதுவழிக்கு ஒட்டுவதில்லை. வானியல் பட்டியல்கள் ‘கணிப்பு’ குறியை ஏற்கின்றன. உதகையின் பட்டியலில் ஒரே ஒரு வரி கூடுகிறது.

போனது தெரிகிறது, திரும்பவில்லை

இவ்வளவும் செய்தபின் கோடத்திலிருந்து முயன்றால் மீண்டும் சுற்றும் திரைதான். கோரிக்கை மீத்திறன் கணினிவரை பழுதில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் எழுதி அனுப்ப முயலும்போது 10.1 எங்கே இருக்கிறது என்று மையத்தின் பட்டியலில் வரி இல்லை. பொட்டலத்துக்குத் தான் வந்த பாதை நினைவில் இருப்பதில்லை; திரும்பும் வழியை எதிர்முனையின் பட்டியல் புதிதாகத் தேட வேண்டும். வலைப் பொறியாளர்கள் இரவில் விழித்திருந்து தேடும் வழிச் சிக்கல்களில் பல இப்படிப்பட்டவை என்று அவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். போகும் திசையை மட்டும் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

எனவே பகிர்வு இருபுறமும் நடக்க வேண்டும். வானியல் இடங்கள் தங்கள் வழிகளுக்கு ‘நோக்கர்’ என்று ஒரு குறி சேர்க்க, மையம் அதை ஏற்கிறது. இப்போது பதில் திரும்புகிறது.

அடுத்த கேள்வியும் உடனே வரும். மையம் உதகையின் வழியைக் கற்றுக்கொண்டதே, அதைச் சென்னைக் கிளைக்கும் சொல்லிவிடுமா? விளிம்பு ரவுட்டரின் இயல்பான விதி இங்கே காப்பாற்றுகிறது. இன்னொரு பட்டியலிலிருந்து குறி பார்த்து ஏற்ற வழியை, ஏற்ற பட்டியல் தன்னுடையதாக மறுபடி பரப்புவதில்லை. அ என்பவர் ஆவோடு பகிர்ந்தார், ஆ என்பவர் இயோடு பகிர்ந்தார் என்பதால் அவும் இயும் ஒருவரையொருவர் அறிந்துவிடுவதில்லை. ஆனால் மையத்தின் சொந்த ரவுட்டர் எல்லா வழிகளையும் வாங்கி மறுபடி அறிவிக்கும்படி அமைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பொதுவழி கிளைகளிடம் இருப்பதால், சென்னையிலிருந்து கிளம்பும் பொட்டலமும் மையம் வரை வந்து உதகையின் வரியைப் பிடித்துக்கொள்ளலாம். அதைத் தடுக்க மையத்தில் வடிகட்டி வேண்டும். சொல்லாத வழி பெரிய காப்புதான். மைய வடிவத்தில் அது மட்டும் போதாது.

இரண்டு 10.20.5

இன்னும் ஒரு கண்ணி மிச்சமிருக்கிறது. கோடத்தில் யாரோ பல ஆண்டுகளுக்கு முன்பே தங்கள் ஆய்வகக் கணினிகளுக்கு 10.20.5 என்றே முகவரி இட்டிருந்தால்?

பிரிப்பெண்தான் இருக்கிறதே என்று தோன்றும். அது முதுகெலும்பில் இரண்டையும் மோதாமல் கொண்டுசேர்க்கும், உண்மைதான். ஆனால் ஒரு வழி பட்டியலுக்குள் நுழையும்போது பிரிப்பெண் கழற்றப்பட்டுவிடுகிறது. உள்ளே வெறும் 10.20.5 என்று இரண்டு வரிகள் நிற்கும். ரவுட்டர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் தன்னோடு நேரடியாக இணைந்ததைத் தேர்ந்தெடுக்கும். கோடத்தின் பயனர் மீத்திறன் கணினியைக் கூப்பிட, பக்கத்து அறையின் கணினி பதில் சொல்லும், அல்லது யாருமே சொல்லமாட்டார்கள். தனித்தனியே இருக்கும்வரை முகவரி ஒன்றாக இருப்பது குற்றமில்லை. பகிர முன்வந்த கணத்தில் அது தடையாகிறது.

தீர்வுகள் இரண்டு. ஒரு பக்கத்தின் முகவரிகளை மாற்றி எழுதலாம். சுத்தமானது, ஆனால் நூறு கணினிகளின் அமைப்பைத் தொட வேண்டும். அல்லது எல்லையில் ஒரு கருவியை வைத்து 10.20.5ஐ இன்னொரு முகவரியாகக் காட்டலாம். விரைவில் முடியும். ஆனால் பின்னாளில் பழுது தேடுபவர் ஒரே கணினிக்கு இரண்டு பெயர் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் முதலாவதையே சொல்வேன். இரண்டு நிறுவனங்கள் சேரும் நாளில் செய்யாத முகவரிச் சீரமைப்பு, மூன்றாவது சேரும்போது இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது.

தவறாகச் சொன்ன ஒரு வழி

வழியைச் சொல்வது எவ்வளவு வலிமையான செயல் என்பதை உலகம் 2008 பிப்ரவரி 24 அன்று கண்டது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க, யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதிக்குப் பொய் வழி ஒன்றை உருவாக்கியது. நாட்டுக்குள் நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு, ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. வழியாக வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்த தொகுதியைவிடச் சிறிய, குறிப்பான தொகுதி அது. ரவுட்டர்கள் எப்போதும் குறிப்பான வரியையே நம்பும். சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் கிடைக்கவில்லை.

அது பொது இணையத்தில் நடந்தது. தனிவலைகளில் கசிவு செய்தியாவதில்லை, ஆனால் பொறிமுறை அதேதான். அதனால்தான் பகிர்வு ஒப்பந்தம் எழுதும்போது மூன்றை எழுதுகிறார்கள்: எந்த முகவரிகளை அறிவிப்போம், எவற்றை மட்டும் ஏற்போம், எத்தனை வழிகளுக்குமேல் வந்தால் ஏற்பதை நிறுத்துவோம்.

ஜெனீவாவரை நீளும் தனிவலை

நம் உதாரணத்தின் பேருருவம் ஒன்று உலகில் இயங்குகிறது. ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவியிலிருந்து வரும் தரவைப் பல நாட்டு ஆய்வு வலைகள் ஒரே தனிவலையாகச் சேர்ந்து சுமக்கின்றன. எல்.எச்.சி.ஒன் என்பது அதன் பெயர். ஒவ்வொரு நாட்டு வலையும் தன் விளிம்பில் இதற்கென ஒரு தனிப் பட்டியலை வைத்து, அண்டை நாட்டின் பட்டியலோடு வழிகளைப் பரிமாறுகிறது. அந்த மோதுவியில் நடப்பவற்றில், இந்தியாவில் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சி.எம்.எஸ். சோதனைக்கும், கொல்கத்தாவின் வி.இ.சி.சி. ஆய்வு மையம் ஆலிஸ் சோதனைக்கும் தரவு மையங்களை நடத்துகின்றன. இந்தத் தனிவலையின் விதிகள் நாம் கோடத்தில் கற்றவையே. ஒரு பல்கலைக்கழகம் தன் முகவரிகள் அனைத்தையும் அறிவிக்கக் கூடாது. துகள் தரவைக் கையாளும் கணினிகளின் முகவரிகளை மட்டும் அறிவிக்கலாம். போன பாதையிலேயே பதிலும் திரும்ப வேண்டும். ஒரு திசை தனிவலையிலும் மறு திசை பொது இணையத்திலும் போனால், வாசலில் நின்று போக்குவரத்தைச் சோதிக்கும் தீச்சுவர் பாதி உரையாடலை மட்டும் பார்த்துவிட்டு வெட்டிவிடும்.

பின்னர் மற்றத் துகள், வானியல் சோதனைகளும் இதே தனிவலையில் சேர்ந்தன. இப்போது அங்கே விவாதம் நடக்கிறது: சோதனைக்கு ஒரு தனிவலை என்று பிரித்துவிடலாமா? பிரிக்கலாம், பட்டியல்கள் சிறுக்கும், கசிவின் அபாயம் குறையும். ஆனால் ஒரு தரவு மையத்தின் ஒரே சேமிப்புக் கணினி பல சோதனைகளுக்கும் பணி செய்கிறது. முகவரி ஒன்றுதான். அதிலிருந்து கிளம்பும் பொட்டலம் எந்தச் சோதனைக்காகப் போகிறது என்பதை, சேருமிடத்தை மட்டும் படிக்கும் வழிப்பட்டியலால் அறிய முடியாது.

புனேக்கும் இந்தக் கேள்வி வெகு தொலைவில் இல்லை. 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட மூன்று பரம் ருத்ரா கணினிகளில் ஒன்று ஜி.எம்.ஆர்.டி.க்கு உரியது. கணேஷ்கிண்டின் அதே பல்கலைக்கழக வளாகத்தில் அயூக்கா என்ற வானியல் ஆய்வு நிறுவனம் ஈர்ப்பலைத் தரவுகளை ஆராய்கிறது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை நோக்ககம் எழுந்ததும் அங்கிருந்தும் தரவு வரும். ஒரே வளாகத்தின் கணினிகள் பல கூட்டுறவுகளுக்கு ஒரே நேரத்தில் உறுப்பினராகும். துகள் இயற்பியலாளர்கள் இப்போது சோதித்துவரும் ஒரு முறை, புதிய இணைய முகவரி முறையான ஐ.பி.வி.6 பொட்டலத்தின் தலைப்பகுதியில் உள்ள ஒரு 20 பிட் இடத்தில் எந்தச் சோதனை, என்ன வேலை என்று எழுதி அனுப்புவது. இன்று அதைப் படித்துக் கணக்கெடுக்க மட்டும் செய்கிறார்கள். அதை வைத்து வழியைத் தீர்மானிக்க வேண்டுமென்றால் விளிம்பு ரவுட்டர்கள் முகவரியோடு அந்த இருபது பிட்டுகளையும் படிக்கப் பழக வேண்டும். எந்த எண் எந்தச் சோதனைக்கு உரியது என்பதில் எல்லா நாட்டு வலைகளும் ஒன்றுபட வேண்டும்.